சுக்கான் சக்கரத்துக்குத் தோலா, கயிறா, டேப்பா?

பாய்மரப் படகு ஓட்டுபவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது: "சக்கரம் கையில் வழுக்குகிறது, வெயிலில் தொடவே முடியவில்லை. தோல் தைப்பதா, கயிறு சுற்றுவதா, டேப்பை ஒட்டிவிட்டுப் போவதா?" கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே நாலு பேரிடம் விசாரித்து, ஆளுக்கொன்று சொல்லக் கேட்டுக் குழம்பிப்போனவர்கள். ஆளுக்கொன்று சொல்வதில் தப்பில்லை. அவரவர் படகு நிற்கும் இடம் வேறு, அடிக்கும் வெயில் வேறு, கையும் வேறு. அதனால் எதை வைத்து முடிவெடுப்பது என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்கு ஓர் இரவு காரணம். காற்றும் அலையும் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தன, விடாத தூறல் வேறு. வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சக்கரம், நாலு மணி நேரமாக அதைப் பிடித்து நின்ற கை. தண்ணீருக்குள் இருந்து படகைத் திருப்பும் பலகையான சுக்கானை ஓர் அலை தள்ளியதும் சக்கரம் உள்ளங்கைக்குள்ளேயே வழுக்கிக் கால் சுற்று சுழன்றது. ஆரக்கால் மணிக்கட்டில் அடித்தது. படகு பக்கவாட்டில் திரும்ப, பெரிய பாய் மறுபக்கம் வீசப் பார்த்தது. இரண்டு கையாலும் எட்டிப் பிடித்து நிறுத்தினேன். மணிக்கட்டு வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆயிற்று. சக்கரத்துக்கு உறை போடுவது அழகுக்காக அல்ல என்பது அன்றிலிருந்து என் உறுதியான எண்ணம்.

## சக்கரத்தைத் தொடும் முன்

கை வலிக்கிறது என்பதற்காக உடனே உறை தேடாதீர்கள். வலிக்குக் காரணம் வளையமாக இல்லாமலும் இருக்கலாம்.

படகைக் கட்டிப்போட்டிருக்கும்போது சக்கரத்தை இரண்டு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். எங்காவது சிக்கினாலோ கரகரவென்று வந்தாலோ கோளாறு கம்பிவடத்திலோ, அது ஓடும் கப்பியிலோ, சுக்கான் தண்டின் தாங்கியிலோ இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல தோலைத் தைத்தாலும் தோள்பட்டை வலி போகாது.

இரண்டாவது சோதனை பாய் விரித்து ஓடும்போது. நேர்கோட்டில் போவதற்கே சக்கரத்தை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தால், படகு காற்றை நோக்கித் திரும்பத் துடிக்கிறது என்று பொருள். இந்த இழுப்பு கொஞ்சம் இருப்பது நல்லது. சுக்கான் கைக்கு உயிரோடு தெரியும். ஆனால் சுக்கான் தொடர்ந்து ஐந்து பாகைக்கு மேல் திரும்பியே இருந்தால் அது தண்ணீரில் பிரேக் போட்ட மாதிரி. பெரிய பாயைத் தளர்த்துங்கள், அல்லது ஒரு மடிப்புச் சுருக்கிக் கட்டுங்கள். கை வலி என்று வந்தவர்களில் சிலருக்கு இதோடு பிரச்சினை தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கை வழுக்குகிறது, விரல் மரத்துப்போகிறது, சுடுகிறது என்றால் மேலே படியுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் ஈரத்தில் பிடிப்பு. காய்ந்த கையில் எல்லா உறையும் நன்றாகத்தான் இருக்கும். கடைசியில் கணக்குக்கு வருவது உப்புத்தண்ணீரும் வியர்வையும் சன்ஸ்கிரீனும் கலந்த கை. எந்த உறையை வாங்குவதானாலும் ஒரு துண்டை நனைத்து, அதில் ஒரு சொட்டு சன்ஸ்கிரீன் தடவி, முறுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது தடிமன். இதைப் பலரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஸ்டீல் சக்கரங்களின் வளையக் குழாய் பெரும்பாலும் 25 மி.மீ. விட்டம் கொண்டது. கை முழுதாக மூடி, அழுத்திப் பிடிக்க வசதியான உருளை 30 முதல் 40 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்பது கைக்கருவி வடிவமைப்பில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதைவிட மெலிந்த குழாயைப் பிடிக்கும்போது விரல்நுனி உள்ளங்கையில் போய் முட்டும், பிடி வலுவிழக்கும், அதை ஈடுகட்ட நாம் இன்னும் இறுக்குவோம், முன்கை சோர்ந்துபோகும். பாதி நேரம் நாம் வழுக்கல் என்று நினைப்பது உண்மையில் இந்த மெலிவுதான்.

சூடும் குளிரும் மூன்றாவது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெப்பத்தைக் கடத்தும் அளவு தோல் கடத்துவதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. அதனால்தான் இரண்டும் ஒரே வெயிலில் கிடந்தாலும் ஸ்டீல் சுடுகிறது, தோல் பொறுக்கும்படி இருக்கிறது. குளிரிலும் அப்படித்தான்: கையின் சூட்டை உலோகம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சுக்கானின் பேச்சு என்று நான் சொல்வது நாலாவது. அலை சுக்கானை எப்படித் தொடுகிறது, காற்று கூடுகிறதா குறைகிறதா என்பதெல்லாம் விரல்வழியாகத்தான் முதலில் தெரியும், கண்ணுக்கு அப்புறம்தான். மெத்தென்ற உறை இந்தப் பேச்சை மழுக்கிவிடும்.

அடுத்தது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது: உறை வளையத்தின் மேல் சுழலக் கூடாது. உறைக்கும் குழாய்க்கும் இடையில் வழுக்குகிற உறை, உறையே இல்லாத வழுக்கல் சக்கரத்தைவிட மோசம். கை இறுகப் பிடித்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள், சக்கரம் உள்ளே தன் பாட்டுக்குத் திரும்பும்.

கடைசியாக, உறைக்கு அடியில் இருக்கும் உலோகம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேலுள்ள மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். உப்பு ஈரத்தோடு காற்றுப் படாமல் மூடிவைத்தால் இடுக்குகளில் அரிப்பு தொடங்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளில் 316 என்ற தரம் 304 என்ற தரத்தைவிடத் தாங்கும், ஆனால் அதுவும் விதிவிலக்கு இல்லை. எந்த உறையானாலும் இந்த ஆபத்தைக் கொஞ்சம் கூடவே கொண்டுவருகிறது. போடும் முன் ஆரக்கால் வளையத்தில் சேரும் வெல்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள். மூடியபின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

## வெறும் சக்கரமும் கையுறையும்

ஒன்றும் செய்யாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். விரல்நுனி திறந்த, உள்ளங்கையில் தோல் வைத்த படகுக் கையுறை ஒரு ஜோடி போதும். சக்கரத்தில் கைவைக்க வேண்டாம், அரிப்புப் பயம் இல்லை, வெல்டுகள் கண்ணெதிரே இருக்கும். சுக்கானின் பேச்சும் பெருமளவு குறையாது.

மறைவான செலவு என்ன? தடிமன் பிரச்சினை அப்படியே இருக்கிறது. கையுறை போடாமல் திடீரென்று சக்கரத்துக்கு ஓடிவரும் ஆளுக்கு, குறிப்பாக விருந்தாளிக்கோ குழந்தைக்கோ, ஒரு பலனும் இல்லை. ஈரக் கையுறையோடு மணிக்கணக்கில் நின்றால் தோல் ஊறிக் கொப்புளம் வரும். நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து, ஒரு பருவத்தில் அதுவும் விறைத்துப்போகும்.

வருடத்தில் ஒருசில நாள் மட்டும் படகெடுப்பவர்களுக்கும், வாடகைப் படகு ஓட்டுபவர்களுக்கும் இதுவே போதும். உறை போடுவதா வேண்டாமா என்று தயங்குபவர்களும் முதலில் இதைச் செய்துபாருங்கள். கையுறை போட்டதும் சிரமம் முழுக்கத் தீர்ந்தால் உங்கள் பிரச்சினை வழுக்கல்; அப்போதும் முன்கை சோர்ந்தால் பிரச்சினை தடிமன். இந்த ஒரு விவரம் கைக்கு வந்தால் மீதித் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

## கையால் தைத்த தோல்

எனக்குப் பிடித்தது இதுதான், மறைப்பானேன். சுமார் 1.2 முதல் 1.5 மி.மீ. தடிமனுள்ள மென்தோலை வளையத்தைச் சுற்றிப் போர்த்தி, உட்பக்கமாக, அதாவது சக்கரத்தின் நடுவை நோக்கிய பக்கமாக, இரண்டு ஓரங்களையும் மாறி மாறிக் கோத்துச் சேர்க்கும் மீன்முள் தையல் போட்டு இழுப்பார்கள். ஆரக்கால் வந்து சேர்வதும் அந்தப் பக்கத்தில்தான். அதனால் தையல்கோடு ஆரக்கால்களின் ஊடாகவே போகும், வெட்டு குறையும், உள்ளங்கை படும் வெளிப்பக்கம் மழமழவென்று இருக்கும்.

ஈரத்தில் பிடிப்பு மிக நன்று. நனைந்த தோல் சற்றே மிருதுவாகிக் கையோடு ஒட்டும். வழவழப்பான பக்கத்துக்குப் பதில் சொரசொரப்பான பக்கத்தை வெளியே வைத்தால் பிடிப்பு இன்னும் கூடும், ஆனால் அழுக்கும் கூடும். சுக்கானின் பேச்சு ஏறத்தாழ முழுதாகக் கேட்கும். இறுகத் தைத்த தோல் சுழலவே சுழலாது. குறை என்று பார்த்தால் தடிமன்: 25 மி.மீ. குழாய் 28 மி.மீ. ஆகும், அவ்வளவுதான். பெரிய கை உள்ளவர்கள் தோலுக்கு அடியில் மெல்லிய, தண்ணீர் உறிஞ்சாத நாடா ஒன்றை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டு அதன் மேல் தைக்கலாம்.

எந்தத் தோல் என்பது முக்கியம். குரோமியம் உப்பால் பதனிட்ட 'குரோம்' தோல் தண்ணீரைத் தாங்கும். மரப்பட்டை போன்ற தாவரப் பொருளால் பதனிட்ட தோல் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் நனைந்தால் சாயம் கசியும், காய்ந்தால் விறைக்கும். "தோல் மாதிரி" விற்கப்படும் செயற்கைத் துணிகளில் பாலியூரித்தேன் பூச்சுள்ளவை ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். எண்ணெய் போட வேண்டாம் என்பது அவற்றின் நல்ல பக்கம். நனைந்தபோது அசல் தோல் அளவு பிடிப்பு தருபவை குறைவு.

இப்போது உழைப்பு. 90 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் வளையம் ஏறத்தாழ 2.8 மீட்டர். 5 மி.மீ.க்கு ஒரு துளை என்றால் ஒவ்வோர் ஓரத்திலும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட துளைகள். ஐந்து ஆரக்கால் சக்கரத்தில் இரண்டு ஆரக்கால்களுக்கு நடுவே ஒரு பகுதி சுமார் 57 செ.மீ. வரும், பகுதி பகுதியாகத் தைப்பதே வசதி. நூல் தையல் நீளத்தைப் போல ஐந்து மடங்கு வேண்டும், அதாவது ஒரு பகுதிக்கு மூன்று மீட்டர். மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல், முனை மழுங்கிய ஊசி இரண்டு, ஒரு நூலின் இரு முனையிலும். பருத்தி நூல் வேண்டாம், உக்கிப்போகும்.

சுற்றளவுக் கணக்கில் ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது. 25 மி.மீ. குழாயின் சுற்றளவு 78.5 மி.மீ. தோலை அதே அகலத்துக்கு வெட்டினால் தைத்தபின் தொளதொளவென்று இருக்கும், ஏனென்றால் தோல் இழுபடும். ஓரங்களுக்கு நடுவே இரண்டு மூன்று மி.மீ. இடைவெளி விடும்படி வெட்டி, தையலால் இழுத்துச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு விதமாக இழுபடும் என்பதால், பத்து செ.மீ. துண்டு ஒன்றைத் தைத்துப் பார்த்தபின் மொத்தத்தையும் வெட்டுங்கள். தோலை ஈரத்துணியால் துடைத்து, சற்று நமுத்த நிலையில் தைத்தால் காயும்போது தானாக இறுகும். சொட்டச் சொட்ட நனைத்துவிட்டால் அளவுக்கு மீறி இழுபட்டு, காயும்போது சுருங்கி, தையல் துளையையே கிழிக்கும்.

வேலையில் கடினமான இடம் ஆரக்கால்தான். 16 மி.மீ. ஆரக்கால் என்றால் தோலின் இரண்டு ஓரத்திலும் எதிரெதிரே 8 மி.மீ. ஆரமுள்ள அரைவட்டம் வெட்ட வேண்டும், அல்லது இன்னும் ஒரு மி.மீ. சிறிதாக வெட்டலாம்; பெரிதாக வெட்டிவிட்டால் திருத்தம் கிடையாது. நான் தைத்த முதல் சக்கரத்தில் மூன்றாவது ஆரக்காலுக்கு வரும்போதே சுண்டுவிரலின் மடிப்பை நூல் அறுத்திருந்தது. ஒவ்வொரு தையலையும் இழுக்கும்போது நூல் அந்த ஒரே இடத்தில்தான் உட்காரும். விரலில் முன்கூட்டியே துணி டேப் சுற்றிக்கொள்ளுங்கள். ஆரக்காலை நெருங்கும்போது கடைசி நாலு தையலை அரைகுறையாக விட்டு, அரைவட்டம் ஆரக்காலைச் சரியாகக் கவ்வுகிறதா என்று பெருவிரலால் நீவிப் பார்த்து, அப்புறம் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அங்கே ஒரு சுருக்கம் விழுந்தால் அந்தச் சுருக்கத்தில்தான் தண்ணீர் தங்கும். எனக்கு ஒரு முழு சனிக்கிழமையும் மறுநாள் முற்பகலும் பிடித்தது. தாராளமாகச் செலவழிக்கத் தகுந்த நேரம்.

தோலின் மறைவான செலவு பராமரிப்பு. உப்புத்தண்ணீரில் நனைந்ததை நல்லதண்ணீரால் துடைக்காமல் விட்டால் உப்பு தோலை உலர்த்தி விறைக்கவைக்கும். வருடத்துக்கு இரண்டு முறையாவது தோல் பதமெழுகு தடவ வேண்டும். அதிகம் தடவினால் வழுக்கும். பெரும்பாலும் தோலுக்கு முன் நூல்தான் வெயிலில் போகும். ஒரு பகுதி அவிழ ஆரம்பித்ததும் உடனே தைத்துவிட்டால் மீதி பிழைக்கும். படகு சும்மா நிற்கும் நாட்களில் சக்கரத்துக்குத் துணிமூடி போடுவது தோலின் ஆயுளை இரட்டிப்பாக்கும் என்றே சொல்வேன். அந்த மூடியைத் தைக்கும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறத்தையும் யோசியுங்கள்: கறுப்புத் தோல் வெயிலில் சுடத்தான் செய்யும்.

அடிக்கடி கடலுக்குப் போகிறவர், சக்கரத்தை மூடிவைக்கும் பழக்கமுள்ளவர், சுக்கானின் பேச்சு கேட்டாக வேண்டும் என்று நினைப்பவர் தோலைத் தேர்ந்தெடுங்கள்.

## கயிறு சுற்றுதல்

மாலுமிகளின் பழைய வழி. குழாயின் மேல் மெல்லிய கயிற்றை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அரைமுடிச்சு போடுவது. முடிச்சுகளை எல்லாம் ஒரே திசையில் போட்டால் அவற்றின் வரப்பு குழாயைச் சுற்றி மெல்ல முறுக்கேறிப் போகும். விரல்கள் அதில் தாமாகப் பூட்டிக்கொள்ளும். திசையை மாற்றி மாற்றிப் போட்டால் வரப்பு ஒரே கோட்டில் நிற்கும். முறுக்கு எனக்குப் பிடிக்கும். கண் மூடி இருட்டில் பிடித்தாலும் வழுக்குவதற்கு இடமே இல்லை.

தடிமன் கணக்கில் கயிறு தோலை வென்றுவிடுகிறது. 3 மி.மீ. கயிறு 25 மி.மீ. குழாயை 31 மி.மீ. ஆக்கும், 4 மி.மீ. கயிறு 33 ஆக்கும். மெலிந்த குழாயால் அவதிப்படுபவர்களுக்கு இதுவே மருந்து. காற்றும் தண்ணீரும் சுற்றுகளுக்கு இடையே போய்வருவதால் அடியில் இருக்கும் உலோகமும் மற்ற உறைகளில் போல மூச்சடைத்துக் கிடப்பதில்லை. மூடாமல் வெயிலில் விட்டாலும் நல்ல பாலியெஸ்டர் கயிறு நிதானமாகத்தான் தேயும்.

கயிற்றின் நீளம் பலரைத் திகைக்கவைக்கும். 3 மி.மீ. கயிற்றுக்கு ஒரு சுற்று 88 மி.மீ.; ஒரு மீட்டர் வளையத்துக்கு 333 சுற்று; ஆக ஒரு மீட்டருக்கு 29 மீட்டர் கயிறு. 90 செ.மீ. சக்கரத்துக்கு வெறும் சுற்றுக்கே 83 மீட்டர். முடிச்சுக்கும் முனைகளுக்கும் சேர்த்து நூறு மீட்டர் வைத்துக்கொண்டு உட்காருங்கள். 4 மி.மீ. கயிறானால் வெறும் சுற்று 65 மீட்டரில் முடியும், வேலையும் குறையும், ஆனால் சிறிய கைக்குப் பள்ளமேடு உறுத்தும். நூறு மீட்டரையும் ஒரே கயிறாக வளையத்துக்குள் நுழைத்து நுழைத்து எடுப்பது ஆகாத காரியம். ஆரக்காலுக்கு ஆரக்கால் தனித்தனிப் பகுதியாக, இருபது மீட்டர் வெட்டி, வலை பின்னும் ஊசியில் சுற்றிக்கொண்டு செய்தால் கை ஓடும்.

கயிறு எது என்பதில் தவறக் கூடாது. நைலான் நனைந்தால் நீளும். இறுக்கிச் சுற்றியது தளர்ந்து சுழல ஆரம்பிக்கும். பருத்தி பிடிக்கச் சுகமானது, வெண்மையாக அழகாக இருக்கும், ஆனால் பூஞ்சை பிடித்து உக்கும். தார் பூசிய நூல்கயிறு மாலுமிக்கு மணக்கும், உடுப்பிலும் ஒட்டும். பின்னல் போட்ட பாலியெஸ்டரே என் பரிந்துரை. சுற்றி முடித்ததும் அதன் மேல் வார்னிஷ் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. கை படும் இடத்தில் அடிக்காதீர்கள். எந்தப் பிடிப்புக்காக இத்தனை பாடுபட்டீர்களோ அது வழவழப்பாகிப் போய்விடும்.

மறைவான செலவுகள்: பள்ளங்களில் உப்பும் சன்ஸ்கிரீனும் அழுக்கும் சேரும், தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டும். மென்மையான கைக்கு நாள் முழுக்கப் பிடித்தால் தடம் பதியும், தோல் உரியும். சுக்கானின் பேச்சு தோலில் கேட்பதைவிட ஒரு படி மங்கல். இன்னொன்றைக் கட்டாயம் அளந்து பாருங்கள்: பெரிய சக்கரங்களின் அடிப்பகுதி, ஓட்டுபவர் நிற்கும் காக்பிட்டின் தரையில் உள்ள பள்ளத்துக்குள் இறங்கிச் சுழலும், அல்லது இருக்கைகளுக்கு நடுவே ஒட்டிப் போகும். கயிறு வளையத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 3 அல்லது 4 மி.மீ. கூட்டுகிறது. இடைவெளி ஏற்கெனவே குறுகலாக இருந்தால் உரசி உரசிக் கயிறு அறுந்துபோகும். மடக்கும் சக்கரமானால் கீல் வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே கயிற்றை முடித்துவிட வேண்டும்.

ஆண்டு முழுக்க வெயிலில், மூடியில்லாமல், கடலிலேயே கிடக்கும் படகுக்குக் கயிறு. கைவேலையில் விருப்பமும் நாலு மாலை நேரமும் இருப்பவர்க்கும் கயிறு.

## டேப் வகைகள்

சைக்கிள் கைப்பிடி டேப், டென்னிஸ் மட்டையின் பிடி டேப், தன்மேல் தானே ஒட்டும் சிலிக்கான் டேப் மூன்றும் இந்தக் கூட்டத்தில் அடங்கும். ஒரு மணி நேரத்தில் வேலை முடியும் என்பதுதான் ஈர்ப்பு. போட்ட முதல் மாதம் பிடிப்பு உண்மையிலேயே அருமையாக இருக்கும்.

நீளக் கணக்கு இங்கேயும் ஏமாற்றும். 30 மி.மீ. அகல டேப்பை மூன்றில் ஒரு பங்கு மேலேறச் சுற்றினால் 90 செ.மீ. சக்கரத்துக்கு சுமார் 12 மீட்டர் வேண்டும். சைக்கிள் டேப் ஒரு சுருள் ஏறத்தாழ 2 மீட்டர். ஆறு சுருள் வாங்குங்கள், கூடவே ஒன்று.

பலவீனம் முனைகளில். ஒவ்வோர் ஆரக்கால் ஓரத்திலும் ஒரு முனை. ஐந்து ஆரக்காலுக்குப் பத்து முனை. சக்கரத்தைத் திருப்பும் கை அந்த முனைகளைத்தான் நெருடிக்கொண்டே இருக்கும், அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பசை வெயிலில் இளகினால் டேப் நகர்ந்து, கசிந்த பசை கையில் ஒட்டும். கழற்றும்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துத் தேய்த்துக்கொண்டே அரைநாள் போகும். சிலிக்கான் டேப்பில் பசை கிடையாது, கத்தியால் கீறினால் வந்துவிடும். ஈரப் பிடிப்பும் நன்று. ஆனால் அது காற்றை முழுதாக அடைத்துவிடும், உள்ளே புகுந்த உப்பு ஈரம் வெளியேற வழியிருக்காது. எந்த டேப்பையும் ஒரு பருவத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள்.

ஒரு நல்ல பயன் இருக்கிறது. எந்தத் தடிமன் உங்கள் கைக்குச் சரி என்று கண்டுபிடிக்க, நீங்கள் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் மட்டும் ஒரு அடி நீளத்துக்கு டேப்பை இரண்டு அடுக்காகச் சுற்றி இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். சுகமாக இருக்கிறதா? அந்த விட்டத்தை அளந்து குறித்துக்கொண்டு, அதற்கேற்பத் தோலோ கயிறோ முடிவு செய்யலாம். நீண்ட பயணத்தின் நடுவே தோல் கிழிந்தால் அவசரத்துக்கும் டேப் கைகொடுக்கும்.

## நுரை உறையும் நியோப்ரீனும்

பிளந்த குழாய்போல வரும் நுரை உறைகளும், லேஸ் கட்டி இறுக்கும் நியோப்ரீன் (மெத்தென்ற செயற்கை ரப்பர்) உறைகளும் கைக்கு மெத்தென்று இருக்கும், குளிரில் இதமாக இருக்கும். மூட்டுவலியால் விரலை இறுக்கி மடக்க முடியாதவர்களுக்கு இந்தத் தடிமன் உண்மையான நிம்மதி. அவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன்.

மற்றவர்களுக்குத் தயக்கத்தோடுதான். பெரும்பாலானவை வளையத்தின் மேல் சுழலும். அது ஏன் ஆபத்து என்று மேலே சொன்னேன். சுக்கானின் பேச்சு மெத்தைக்குள் அமுங்கிப்போகும். வெயில் நுரையைப் பொடியாக உதிரவைக்கும். போடுவதானால் தண்ணீர் உறிஞ்சாத மூடிய கண்ணறை நுரையாகப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியையும் இரு முனையிலும் கயிற்றால் இறுகக் கட்டி, முறுக்கிச் சோதித்தபின் பயன்படுத்துங்கள்.

கார் ஸ்டியரிங் உறையைப் போடலாமா என்றும் கேட்கிறார்கள். கார்ச் சக்கரம் 35 முதல் 40 செ.மீ.; பாய்மரப் படகின் சக்கரம் அதைவிட இரண்டு மடங்கும் அதற்கு மேலும். பொருந்தாது.

## ஒரே பார்வையில்

| | ஈரத்தில் பிடிப்பு | 25 மி.மீ. குழாய் ஆகும் விட்டம் | சுக்கானின் பேச்சு | சுழலும் ஆபத்து | உழைப்பு | வெயிலில் ஆயுள் |
|---|---|---|---|---|---|---|
| கையுறை மட்டும் | நன்று | 25 மி.மீ. | தெளிவு | இல்லை | இல்லை | கையுறையைப் பொறுத்தது |
| தைத்த தோல் | மிக நன்று | சுமார் 28 மி.மீ. | தெளிவு | இல்லை | ஒன்றரை நாள் | மூடி போட்டால் பல வருடம் |
| பாலியெஸ்டர் கயிறு | மிக நன்று | 31 அல்லது 33 மி.மீ. | சற்று மங்கல் | இறுக்கிச் சுற்றினால் இல்லை | நாலு மாலை | மூடியில்லாமலே பல வருடம் |
| டேப் | முதலில் மிக நன்று | அடுக்கைப் பொறுத்தது | சற்று மங்கல் | பசை இளகினால் உண்டு | ஒரு மணி நேரம் | ஒரு பருவம் |
| நுரை, நியோப்ரீன் | நன்று | 35 மி.மீ.க்கு மேலும் போகலாம் | மங்கல் | அதிகம் | அரைமணி நேரம் | குறைவு |

மரவளையம் உள்ளவர்கள் இந்த அட்டவணையை விட்டுவிடலாம். மரம் ஏற்கெனவே போதிய தடிமனும் இதமும் கொண்டது. வழுக்குவது அதன் மேலுள்ள பளபள வார்னிஷ்தான். மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பை மங்கவைத்தாலே போதும்.

## கலந்தும் செய்யலாம்

வளையம் முழுதையும் ஒரே பொருளால் மூட வேண்டும் என்று சட்டம் இல்லை. பாயில் ஓடும்போது சக்கரம் பெரும்பாலும் நடுநிலையிலிருந்து இருபுறமும் கால் சுற்றுக்குள்தான் அசையும். ஓரத்தில் சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரின் கை அந்தந்தப் பக்கத்துப் பகுதியைத்தான் பிடிக்கும். நின்று ஓட்டுபவரின் கை மேற்பகுதியை. பழைய சக்கரமானால் எந்த இடத்தில் ஸ்டீல் தேய்ந்து பளபளக்கிறது என்று பாருங்கள், உங்கள் கை அங்கேதான் வாழ்கிறது.

நான் இப்போது வைத்திருப்பது இப்படி: இருபக்கமும் மேலேயும் தோல், தரைப் பள்ளத்துக்குள் இறங்கும் அடிப்பகுதி வெறும் ஸ்டீல். இடைவெளிப் பிரச்சினை தீர்ந்தது, தைக்க வேண்டிய நீளம் குறைந்தது, தோலுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்து போகக் கீழே வழியும் கிடைத்தது. மழைக்குப்பின் அந்த ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பழுப்பு நிறத்தில் ஒரு கசிவு தெரிந்தால் உள்ளே அரிப்பு தொடங்கியிருக்கிறது. அந்தப் பகுதியின் தையலை அறுத்து, குழாயைத் துலக்கி, மறுபடி தைக்க வேண்டியதுதான். ஆட்டோபைலட்டைச் சக்கரத்தோடு இணைத்திருப்பவர்கள் அதன் பிடிகள் ஆரக்காலைக் கவ்வும் இடத்தை மட்டும் எதனாலும் சுற்றாமல் விட்டுவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுக்கானை நேராக வைத்து, அப்போது வளையத்தின் உச்சியில் நிற்கும் ஆரக்கால் எதுவென்று பார்த்து, அதற்கு நேர் மேலே, உறையின் மீதே, மெல்லிய கயிற்றால் மாலுமிகள் 'டர்க்ஸ் ஹெட்' என்று சொல்லும் வளைய முடிச்சு ஒன்றைப் போடுங்கள். மூன்று இழைப் பின்னல் போதும், ஒன்றரை மீட்டர் கயிறு தாராளம். சுக்கான் நேராக இருக்கிறதா என்பது இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. அந்த முடிச்சு உள்ளங்கையில் வந்து தட்டும்போது தெரியும்.